கப்பலில் தீக்கதவைக் கட்டி வைக்காதீர்கள்

இன்ஜின் ரூம் கதவு தானாக மூடிக்கொள்வது சிலருக்குத் தொல்லை. ஸ்பேனரும் கையுமாக நாலு தடவை போய்வர வேண்டியிருந்தால் போதும், கைப்பிடியில் ஒரு கயிறு ஏறிவிடும், இல்லையென்றால் அடியில் மரக்கட்டை. சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதிப்படியே இது தப்பு. ஏ-60 வகைக் கதவு தீயையும் புகையையும் ஒரு மணி நேரம் தடுக்கும். மறுபக்கத்தின் சராசரி வெப்பம் அதுவரை, முதலில் இருந்ததைவிட 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயராது. மூடியிருந்தால்தான் இதெல்லாம்! சரியாக மூடாத கதவைக் கண்டால் அன்றைக்கே சீஃப் ஆபீசரிடம் சொல்லிவிடுங்கள்.

தீ அலாரம் அடித்தபின் எந்தக் கதவையும் சட்டென்று திறக்காதீர்கள். முதலில் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறு வழி தேடுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு அணைப்பானின் கூம்பு வாயை வெறுங்கையால் பிடிக்கவே வேண்டாம். உள்ளிருந்து வரும் பனித்துகள் மைனஸ் 78 டிகிரி, தோல் புண்ணாகிவிடும். கைப்பிடியை மட்டும் பிடியுங்கள். சிறிய அறையில் அடித்தால் உடனே வெளியே வந்து கதவைச் சாத்துங்கள், அந்த வாயு உங்களுக்கும் மூச்சை நிறுத்தும்.

எண்ணெய்த் தீ என்றால் நுரைதான். அதையும் நேராக எண்ணெயில் பாய்ச்சாமல், பின்னால் உள்ள பல்க்ஹெட்டில் (கப்பலின் தடுப்புச்சுவரில்) பட்டு வழிந்து பரவும்படி அடியுங்கள்.