வெர்டிக்கியோவை எங்கே கோட்டைவிடுகிறோம்?

வெர்டிக்கியோ இத்தாலியின் ஒரு வெள்ளைத் திராட்சை, அதிலிருந்து வரும் ஒயினுக்கும் அதே பெயர். லேபிளை மறைத்து ஊற்றிய வெள்ளை ஒயினில் கடைசியில் கொஞ்சம் கசப்பு தட்டினால் போதும், "இத்தாலி, வெர்டிக்கியோ" என்று முடிவுகட்டிவிடுகிறோம். முதல் தவறே அங்குதான். அந்தக் கசப்பு இத்தாலியின் வெள்ளைத் திராட்சைகள் பலவற்றுக்கும் உண்டு. சுவாவே ஊர்க் கார்கனேகாவும் அப்படித்தான் முடியும், சார்டீனியாவின் வெர்மென்டினோவும் அப்படித்தான்.

முதலில் புளிப்பைப் பாருங்கள். வெர்டிக்கியோவில் அது தூக்கலாக இருக்கும். விழுங்கிய பிறகும் நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். கார்கனேகா அவ்வளவு தூரம் போகாது. அப்புறம் கசப்பு. பாதாம் கொறிக்கும்போது எப்போதாவது ஒன்று கசக்குமே, அந்தக் கசப்பு. வாய் வறண்டு நாக்கை இழுத்துப் பிடித்தால் அது துவர்ப்பு. தோலோடு ஊறவைத்தால் எந்தத் திராட்சையிலும் துவர்ப்பு வரும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ருசிப்பதும் தப்பு. குளிரில் மணம் அடங்கிவிடும், புளிப்பும் கசப்பும் மட்டும் முன்னால் நிற்கும். பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு வரட்டும்.

நான் அதிகம் ஏமாந்தது பிரான்சின் வெள்ளை ஒயினான ஷாப்லியிடம். எலுமிச்சை, கூரான புளிப்பு, மர வாசனை இல்லை; இரண்டுக்கும் எல்லாம் பொருந்தும். ஆனால் ஷாப்லி பெரும்பாலும் கசப்பில்லாமல் சுத்தமாக முடியும். நிறத்தை நம்பியும் பயனில்லை. இத்தாலிய மொழியில் 'வெர்தே' என்றால் பச்சை, பெயரே அதிலிருந்து வந்ததுதான். இருந்தாலும் இளம் வெள்ளை ஒயின்கள் பலவற்றிலும் அந்தப் பச்சைச் சாயல் இருக்கும்.

இத்தாலியின் மார்க்கே மாநிலத்தில் வெர்டிக்கியோவுக்கு இரண்டு ஊர்கள். யேசி பக்கத்துக் குன்றுகள் அட்ரியாட்டிக் கடலைப் பார்த்துத் திறந்திருப்பவை. மடேலிக்கா உள்ளே தள்ளி, அபென்னைன் மலைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தாக்கு; கடல் காற்று எட்டாது, இரவில் குளிரும். அதனால் அங்கே புளிப்பு இன்னும் கூர்மை. யேசியை மட்டும் குடித்துப் பழகியவர்கள் இதில் தடுமாறுவார்கள். வயதாகித் தேன் மணம் வந்துவிட்டால் "இது வெர்டிக்கியோ இல்லை" என்று தள்ளிவிடவும் வேண்டாம், நல்ல ரிசெர்வா (கூடுதல் காலம் முதிரவைத்து விற்கும் வகை) பத்து வருஷம் தாங்கும்.

சரி, சுவாவே ஊர் ஒயினைக் குடித்துவிட்டு வெர்டிக்கியோ என்று சொல்லிவிட்டீர்களா? சுவாவேயில் கார்கனேகா குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும். மீதியில் ட்ரெபியானோ டி சுவாவே சேர்க்கலாம். மரபணுச் சோதனையில் அந்த ட்ரெபியானோ வேறு யாருமில்லை, வெர்டிக்கியோவேதான். ஆனால் ஒயின் ருசிப் பரீட்சையில் இதற்கு மார்க் தரமாட்டார்கள்.