ஐப்பசி மழைக்கு முன்னால் ஃப்ளூ ஊசி: வடசென்னைக்காரர்களுக்கான செய்முறை

டெல்லி, புனே பக்கம் ஃப்ளூ காய்ச்சல் ஜூலை, ஆகஸ்டிலேயே ஏறிவிடும். சென்னையில் அது வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வரும், உச்சம் ஐப்பசி, கார்த்திகையில். ஊசி போட்ட அன்றே பலன் கிடைக்காது, உடம்பில் எதிர்ப்புசக்தி ஊற 2 வாரம் பிடிக்கும். அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். மழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது என்றால், பெரியவர்கள் செப்டம்பர் கடைசிக்குள் போட்டு முடித்திருக்க வேண்டும். 9 வயது நிரம்பாத பிள்ளைக்கு இதுதான் முதல் முறை என்றால் 4 வார இடைவெளியில் 2 ஊசி. அதற்கு செப்டம்பர் முதல் வாரத்திலேயே ஆரம்பித்தால்தான் சரிவரும். அடுத்த வருடத்திலிருந்து அந்தப் பிள்ளைக்கும் ஒன்றே போதும். தாமதமாகிவிட்டால் நவம்பரில் போட்டாலும் வீணில்லை.

முதலில் யாருக்கு

வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதத்தில் செலவு செய்ய முடியாது என்றால் வரிசை இது: வயதானவர்கள், சுகர், இதய நோய், டயாலிசிஸ் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகள். எண்ணூர், மணலி காற்றில் வீசிங்கோடு இருப்பவர்களை இந்த வரிசையின் முன்பக்கமே வையுங்கள். 6 மாதம் நிரம்பாத குழந்தைக்குப் போடக்கூடாது. அம்மா கர்ப்பமாக இருக்கும்போதே போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு பிள்ளைக்கும் போய்ச் சேரும்.

எங்கே போடுவது

புதன்கிழமைகளில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடும் இலவச ஊசிகளின் தேசிய அட்டவணையில் ஃப்ளூ இல்லை. நிமோனியாவைத் தடுக்கும் பி.சி.வி. ஊசி இருக்கிறது: 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம். கைக்குழந்தை இருந்தால் அதைத் தவற விடாதீர்கள். வெளியே காசு கொடுத்துப் போட்டால் விலை கடிக்கும். கர்ப்பிணிகள் செக்கப்புக்குப் போகும்போது ஃப்ளூ ஊசி பற்றி நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தனியார் ஆஸ்பத்திரியோ, தெரு முனை கிளினிக்கோதான்.

கிளம்பும் முன் போனில் மூன்றே கேள்விகள்: மருந்து உங்களிடமே ஸ்டாக் இருக்கிறதா, எந்த சீசன் மருந்து, ஊசி போடும் கட்டணம் எம்.ஆர்.பி.யில் சேர்த்தியா தனியா.

பெட்டியைப் படிப்பது

ஊசியை உடைக்கும் முன் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ‘பி/ஆஸ்திரியா/1359417/2021’ என்ற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். பி வகை வைரஸ், ஆஸ்திரியாவில் எடுத்தது, ஆய்வக எண், வருடம் என்பதுதான் அதன் அர்த்தம். உலக சுகாதார அமைப்பு வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும், எந்த வைரஸ்களைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறது. பெட்டியில் என்.எச். என்றால் வடகோளம், எஸ்.எச். என்றால் தென்கோளம். இந்த வருடத்து மருந்தாக இருந்தால் இரண்டில் எது கிடைத்தாலும் போட்டுக்கொள்ளலாம். போன சீசன் மருந்து என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நாலு வைரஸ்களுக்கு எதிரான ‘நாலு வகை’ மருந்துதான் உசத்தி என்று அலைய வேண்டியதில்லை. அதில் நாலாவதான பி/யமகாட்டா வகை வைரஸ் 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை, அதனால் ‘மூணு வகை’ மருந்தே இப்போது போதுமானது.

ஐஸ் விஷயம்

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூடானால் வீரியம் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெட்டுவிடும் என்பதுதான் தெரிவதில்லை. காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் எவ்வளவு கொட்டினாலும் நல்லதுதான். ஊசி மருந்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. உறைந்து உருகிய ஃப்ளூ மருந்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

கிளினிக்கிலேயே ஸ்டாக் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. டாக்டர் சீட்டு எழுதி மெடிக்கலில் வாங்கி வரச் சொன்னால் இப்படிச் செய்யுங்கள். டாக்டர் இருக்கிறாரா, டோக்கன் எத்தனையில் ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு கடைசியாகத்தான் மருந்தை வாங்குங்கள். வீட்டிலிருந்து எடுத்துப் போகும் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு வைக்காதீர்கள். வெளியே வைத்திருந்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் பதம் வந்தபிறகு செய்தித்தாளில் சுற்றுங்கள். பெட்டியோடு மருந்து, அதன் பக்கத்தில் பேக், இரண்டும் வாய் அகன்ற ஃபிளாஸ்க்கிலோ தெர்மோகோல் டப்பாவிலோ. வண்டியின் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு மார்க்கெட் சுற்றிவிட்டுப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், வண்ணாரப்பேட்டை டிராஃபிக்கில் அந்தப் பெட்டி அடுப்பாகிவிடும்.

நாளைக்குத்தான் டாக்டர் என்றால் மருந்தையும் நாளைக்கே வாங்குங்கள். வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலும், ஃப்ரீசருக்கு அடியில் ஒட்டியிருக்கும் தட்டிலும் வைப்பது இரண்டுமே தப்பு. ஒன்று சூடாகும், மற்றது உறையும்.

நாற்காலியில்

தோள்பட்டை முழுதாகத் தெரியும் உடை போட்டுப் போங்கள். ஜாக்கெட் கை இறுக்கமாக இருந்தால் பாதிதான் ஏறும், ஊசி இடம் மாறிவிடும். தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு, மூன்று விரல் கீழே உள்ள சதைதான் சரியான இடம். அதற்கு மேலே குத்தினால் தோள்மூட்டில் வலி மாதக்கணக்கில் நிற்கலாம். ஒரு வயதுக்குக் கீழே என்றால் தொடையில். பெரியவர்களுக்கு அளவு 0.5 மி.லி.; சின்னக் குழந்தைகளுக்கு பிராண்டைப் பொறுத்து மாறும், உள்ளே இருக்கும் தாளைப் பார்த்துப் போடுவார்கள். மருந்து சில்லென்று இருக்கும்போதே குத்தாமல், அறை வெப்பத்துக்கு வந்ததும் குலுக்கிவிட்டுப் போட வேண்டும்.

நல்ல காய்ச்சல் அடிக்கும் நாளில் தள்ளிப் போடுங்கள். வெறும் மூக்கொழுகலுக்குத் தள்ள வேண்டாம். முன்பு இதே ஊசிக்கு மூச்சு முட்டியது, உடம்பு தடித்தது என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சொல்லி, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் 2 நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். பிறகு 15 நிமிடம் அங்கேயே உட்காருங்கள். கடுமையான அலர்ஜி வந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

கை வலி, லேசான காய்ச்சல், அசதி ஓரிரு நாள் இருக்கலாம். தேவைப்பட்டால் பெரியவர்கள் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்று போட்டுக்கொள்ளலாம், முன்கூட்டியே போட வேண்டியதில்லை. முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ 108.

‘ஊசி போட்டேன், மறுவாரமே சளி பிடிச்சுது’ என்ற புகார் எல்லாத் தெருவிலும் கேட்கும். ஊசியில் இருப்பது செத்த வைரஸ் துண்டு, அதனால் ஃப்ளூ வராது. சளிக்கு வேறு வைரஸ்கள் ஏராளம், அவற்றுக்கு இந்த ஊசி காவல் இல்லை. வீசிங்குக்கு எடுக்கும் இன்ஹேலரையும் ஊசி போட்டாயிற்றே என்று நிறுத்தாதீர்கள்.

65 தாண்டியவர்கள் நிமோனியா ஊசியையும் அன்றே அடுத்த கையில் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது ஃப்ளூ போல வருடா வருடம் கிடையாது. பெட்டியிலிருக்கும் பேட்ச் எண்ணையும் தேதியையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைக்குப் போட்டது என்றால் தடுப்பூசி அட்டையிலும் எழுதி வாங்குங்கள். அடுத்த ஆவணியில் எந்த மருந்து, எத்தனை டோஸ் என்ற கேள்வி மறுபடி வரும்.