பள்ளியில் என்.சி.சி. தொடங்கும்போது எங்கே சறுக்குகிறார்கள்?

சுதந்திர தினத்தன்று பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் காக்கிச் சீருடையில் விறைப்பாக நடந்துபோவதைப் பார்த்ததும் தலைமையாசிரியருக்கோ தாளாளருக்கோ ஆசை வந்துவிடும்: நம் பள்ளியிலும் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) வேண்டும். ஆசை சரிதான். ஆனால் பூட்ஸ், தொப்பி, மைதானம் எல்லாம் பேசி முடித்த பிறகுதான் "யார் சார் பார்த்துக்கப்போறது?" என்ற கேள்வியே வருகிறது. முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பள்ளியின் என்.சி.சி. அணியான ட்ரூப் நிலைப்பதும் கலைவதும் பெரும்பாலும் அதை நடத்தும் ஏ.என்.ஓ. (இணை என்.சி.சி. அதிகாரி) எனப்படும் அந்த ஒரு ஆசிரியரைப் பொறுத்ததுதான்.

யோசிக்காமல் பி.இ.டி. சார் தலையில் கட்டிவிடுவது வழக்கம். அவருக்கு ஏற்கெனவே குறுவட்டப் போட்டி, மண்டலப் போட்டி என்று வருடம் முழுக்க ஓட்டம். கணக்கோ தமிழோ எடுக்கும் ஆசிரியரும் ஏ.என்.ஓ. ஆகலாம். விருப்பம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம், இந்தப் பொறுப்புக்குப் பயிற்சி உண்டு. ஆண்கள் நாக்பூர் அருகே காம்ப்டீக்கும், பெண்கள் குவாலியருக்கும் போய்ப் பல வாரங்கள் தங்க வேண்டும். வீட்டுச் சூழ்நிலை அதற்கு இடம்கொடுக்குமா என்று கேட்காமலேயே பெயரை அனுப்பிவிடுகிறார்கள். கடைசி நேரத்தில் அவர் போக முடியாது என்பார். பயிற்சி பெறாத தற்காலிகப் பொறுப்பாளரான கேர்டேக்கரை வைத்தே ட்ரூப் ஓடும். அரசுப் பள்ளி என்றால் இடமாறுதல் கலந்தாய்வு வேறு. பயிற்சி முடித்து வந்தவர் அடுத்த வருடம் வேறு பள்ளிக்குப் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து. இரண்டாவதாக ஒருவரை ஆரம்பத்திலிருந்தே கூட வைத்துப் பழக்குவதுதான் இதற்கு வழி.

அடுத்தது அவசரம். விண்ணப்பம் உங்கள் பகுதியைக் கவனிக்கும் என்.சி.சி. அலுவலகமான பட்டாலியனுக்குப் போய், அங்கிருந்து குரூப் தலைமையகம், இயக்குநரகம் என்று மேலே செல்லும். நாடு முழுவதும் கேடட் (என்.சி.சி. மாணவர்) எண்ணிக்கையை 20 லட்சமாக உயர்த்த ஒப்புதல் கிடைத்திருந்தாலும், கேட்ட பள்ளிக்கெல்லாம் உடனே இடம் கிடைப்பதில்லை. காத்திருக்கும் நேரத்தில் "நாமே ஆரம்பித்துவிடலாம், எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார்" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் நடந்தது நினைவிருக்கும். அங்கே தங்கியிருந்த மாணவிகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள் என்று வழக்குப் பதிவானது. அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவே கிடையாது. முகாம் நடத்த வந்தவர்களின் பின்னணியைப் பள்ளி விசாரிக்கவில்லை என்று காவல்துறை சொன்னது. சீருடையும் விசிலும் யாரிடமும் இருக்கலாம். பட்டாலியன் கடிதம் இல்லாமல் எந்த முகாமும் வேண்டாம். கடிதம் கையில் இருந்தாலும், அதைக் கொடுத்த அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். மாணவிகள் தங்கும் இடத்தில் உங்கள் பள்ளி ஆசிரியை ஒருவராவது இரவும் இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பணம். அரசு செலவில் இடம் இல்லாதபோது சுயநிதித் திட்டத்தில் அனுமதி கிடைக்கலாம். அப்போது சீருடை, பயிற்சி, முகாம் செலவு பள்ளிக்கோ பெற்றோருக்கோதான். சேர்க்கும் நாளன்றே இதைச் சொல்லிவிட வேண்டும். பாதி வருடத்தில் பில் நீட்டினால், வசதியில்லாத பிள்ளைகள்தான் முதலில் நின்றுபோவார்கள்.

எந்த வகுப்பில் சேர்ப்பது என்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பல பள்ளிகள் கோட்டைவிடுவது இதில்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஜூனியர் பிரிவில் 'ஏ' சான்றிதழுக்கு இரண்டு வருடப் பயிற்சி, 75 சதவீத வருகை, ஒரு முகாம் எல்லாம் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தால் இரண்டாவது வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் போய் முட்டும். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸா பரேடா என்ற சண்டையில் பரேடு ஜெயித்து நான் கேள்விப்பட்டதில்லை. எட்டாம் வகுப்பில் சேர்த்தால் இந்தத் தலைவலி இல்லை. குறைந்தபட்ச வயது 12 என்பதால் அந்த வகுப்பில் அநேகமாக எல்லோரும் தகுதி பெறுவார்கள். உயரமான பையன்கள், முதல் ரேங்க் பிள்ளைகள் என்று மட்டும் பொறுக்க வேண்டாம். கூச்சப்பட்டுப் பின்வரிசையில் நிற்கும் பிள்ளைக்குத்தான் இது அதிகம் தேவைப்படும்.

ஆரம்பித்த பிறகு வரும் தவறுகளும் உண்டு. விருந்தினர் வரும்போதெல்லாம் கேடட்களை வெயிலில் வரிசையாக நிறுத்துவது, நாற்காலி தூக்கச் சொல்வது. இதனாலேயே பிள்ளைகள் வெறுத்துப்போகிறார்கள். பலர் காலையில் சாப்பிடாமல் பரேடுக்கு வந்து மயங்கி விழுகிறார்கள். முதல் கட்டளைக்கு முன்னால் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க அரை நிமிடம் போதும். சீனியர் கேடட்கள் ஜூனியர்களுக்குத் தண்டனை கொடுப்பதைக் கண்டும் காணாமல் விடுவது இன்னும் மோசம். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு உடல் தண்டனை கூடாது என்கிறது. தவளை ஓட்டத்துக்கு 'ட்ரில்' என்று பெயர் வைத்தாலும் அது தண்டனைதான்.

பெற்றோர் கூட்டத்தில் "ராணுவ வேலை நிச்சயம்" என்று சொல்லிவிடாதீர்கள். எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரடியாக எஸ்.எஸ்.பி. (படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணலுக்குப் போகும் அதிகாரிகளுக்கான சிறப்பு வழி, கல்லூரியில் 'சி' சான்றிதழ் வாங்கிய பட்டதாரிகளுக்குத்தான். பள்ளியில் கிடைக்கும் 'ஏ' சான்றிதழ் அதற்குப் போதாது. படைவீரர் சேர்ப்பில் கூடுதல் மதிப்பெண்ணுக்கு உதவும். "பையனைப் போருக்கு அனுப்பிவிடுவார்களா?" என்று பயந்து கேட்கும் அம்மாவும் அதே கூட்டத்தில் இருப்பார். 1948-இன் என்.சி.சி. சட்டப்படி கேடட்டுக்குப் படைச் சேவை செய்யும் கடமை எதுவும் கிடையாது. அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.