பழைய 325ஐ கூபே வாங்கினால் முதல் பணம் ரேடியேட்டருக்கு

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் நின்றால் பழைய பிஎம்டபிள்யூ ஒன்றாவது கண்ணில் படும். அதில் இ36 உடம்புள்ள, அதாவது 1990களின் 3 சீரிஸ் வகையான, இரண்டு கதவு 325ஐ கூபே என்றால் என் தங்கை மகன் வயதுப் பையன்களுக்குத் தனி மோகம். நியாயமான மோகம்தான். 2.5 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், 141 கிலோவாட். அந்த இன்ஜின் சத்தம் இப்போது வரும் கார்களில் கிடையாது. என் வாசலிலும் ஒன்று நிற்கிறது, விற்கிற எண்ணம் இல்லை. வாங்கப் போகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: காரின் விலைக்கு மேல் 10,000 ராண்டாவது தனியாக எடுத்து வையுங்கள். ரிம்முக்கோ சவுண்டுக்கோ அதைத் தொடாதீர்கள். அது இன்ஜினைக் குளிர வைக்கும் பாகங்களுக்கான பணம்.

இந்த இன்ஜினின் பிளாக் இரும்பு, மேலே உள்ள ஹெட் அலுமினியம். சூடு எல்லை மீறினால் ஹெட் வளைந்துவிடும். அதைக் காப்பாற்ற வேண்டிய பாகங்களோ பிளாஸ்டிக்: ரேடியேட்டரில் மேல் ஹோஸ் மாட்டும் கழுத்து, சூட்டுக்கேற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் மூடி, காற்று வெளியேற்றும் திருகு, பல வாட்டர் பம்புகளின் உள்ளே சுழலும் இறக்கைகூட. 30 வருட வெப்பத்தில் அந்தப் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கும். கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி என்3 சாலையில் 'டவுன் ஹில்' என்ற நீண்ட ஏற்றத்தில் ஏறும்போது தெரியும். தைப்பூசக் காவடி நாளில் கோயில் வாசல் நெரிசலில், பிப்ரவரி வெயிலில், ஏசி போட்டபடி நகராமல் நிற்கும்போதும் தெரியும். நிற்கிற காருக்குக் காற்று தருவது விசிறிகள்தான். இன்ஜினோடு சுழலும் விசிறியின் கிளட்ச் தளர்ந்திருந்தாலும், முன்னால் உள்ள மின்விசிறி ஓடாவிட்டாலும் சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கும்.

முள் நட்ட நடுவில்தான் நிற்க வேண்டும். நடுவைத் தாண்டினால் "வீடு பக்கம்தானே" என்று ஓட்டாதீர்கள். ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். சூடாக இருக்கும்போது கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ஊற்றும் மூடியைத் திறக்கவே கூடாது, கை வெந்துவிடும்.

வாங்கும் முன், இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஆயில் மூடியின் அடியில் பால் நிறத்தில் பசை இருக்கிறதா? இன்ஜின் ஓடும்போது கூலன்ட் தொட்டியில் தொடர்ந்து குமிழ் வருகிறதா? சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைக்கும் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

செலவைச் சொல்கிறேன். டர்பன் பக்கத்துத் தனியார் பட்டறைகளில் நான் பார்த்த அளவு இது, கடைக்குக் கடை மாறும். ரேடியேட்டர், உலோக இறக்கை வைத்த வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், அதற்கு அலுமினிய மூடி, ஹோஸ்கள், கூலி எல்லாம் சேர்த்து 8,000 ராண்டு சுற்றி வரும். ஹெட்டைக் கழற்றிச் சீவி காஸ்கெட் மாற்றினால் 20,000 ராண்டைத் தாண்டுவது சாதாரணம். ஒவ்வொன்றாக உடைய உடைய மாற்றினால் ஒரே கூலியை மூன்று முறை கொடுப்பீர்கள். ஒரேயடியாக மாற்றுங்கள். விலை கேட்கும்போது 15 சதவீத வாட் வரி சேர்ந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றியபின் உள்ளே தங்கிய காற்றை எடுப்பதில்தான் அவசரக்காரர்கள் கோட்டை விடுகிறார்கள். காரின் மூக்கு மேடான பக்கம் இருக்கட்டும். சாவியை ஆன் வரை திருப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றை மிகக் குறைவாக வையுங்கள். இன்ஜினை ஓட்ட வேண்டாம். காற்று வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிப் பாதி கலந்து மெதுவாக ஊற்றுங்கள். குமிழில்லாமல் வழியும்வரை பொறுமை வேண்டும். திருகைப் பித்தளையில் வாங்கிப் போட்டால் நிம்மதி.

அப்புறம் ஆயில். இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவரின் காஸ்கெட் கசிந்தால் ஆயில் ஸ்பார்க் பிளக் குழிகளில் இறங்கி இன்ஜின் தடுமாறும். 1,500 ராண்டுக்குள் முடிகிற வேலை. கீழே சொட்டுவதைப் பார்த்து அடியில் உள்ள ஆயில் தொட்டியை (ஆயில் பேன்) கழற்றச் சொல்பவரிடம், முதலில் ஆயில் ஃபில்டர் வைக்கும் பாகத்தின் காஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒழுக்கு அங்கிருந்துதான்.

பிரேக் பிடிக்கையில் ஸ்டியரிங் நடுங்கினால் முன் சக்கரத்தைப் பிடிக்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ், வளைவில் பின்பக்கம் தானாகத் திரும்புவது போலிருந்தால் பின் சக்கரத்தைப் பிடிக்கும் டிரெயிலிங் ஆர்மின் புஷ், பள்ளத்தில் டிக்கிக்குள் 'டொக்' என்றால் ஷாக் அப்சார்பரின் மேல்பிடிப்பு (ஷாக் மவுன்ட்) போயிருக்கும். பாகங்கள் மலிவு, கூலிதான் கூட.

துரு மட்டும் எனக்குப் பயம். நம் ஊர் உப்புக் காற்று யாரையும் விடாது. ஜாக் வைக்கும் இடம், பின் சக்கர வளைவு, டிக்கியில் பேட்டரியின் அடி, கார்ப்பெட்டின் கீழ், எல்லாவற்றையும் கையால் தடவிப் பாருங்கள். கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் இல்லாததால் ரப்பர் இறுகினால் மழைநீர் உள்ளே வரும். அடித்தளம் அரித்திருந்தால், எவ்வளவு பளபளத்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். இன்ஜினைச் சரி செய்யலாம், அரித்த தகரத்துக்குக் கணக்கே கிடையாது.

காரை உங்கள் பெயருக்கு மாற்ற, சாலையில் ஓட்டத் தகுதியானது என்று சொல்லும் ரோட்வொர்தி சான்றிதழ் வேண்டும், அது 60 நாள்தான் செல்லும். அதை விற்பவரே எடுத்துத் தரட்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். பழைய கார் உதிரி விற்கும் ஸ்கிராப்யார்டில் கதவு, கண்ணாடி, சீட், டேஷ்போர்டு தாராளமாக வாங்கலாம். ரேடியேட்டரும் பம்பும் மட்டும் புதிதாகவே வாங்குங்கள்.