செஷன் எரர் வந்ததும் சர்வரை அணைக்கிறவர்களுக்கு

போன வாரம் மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடை. பி.காம் முடித்து வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத பையன், கணக்கு மென்பொருளுக்குள் போக முடியாமல் ஐந்து நிமிடம் முழித்தான். ஆறாவது நிமிடம் மேசைக்கு அடியில் குனிந்து சர்வரின் பவர் பட்டனில் விரலை வைத்துவிட்டான். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"தம்பி, அங்கிட்டு உள்ளே யாரும் இருக்காங்களான்னு கேட்டியா?"

"யாருண்ணே இருக்கப்போறா, சாப்பாட்டு நேரம்."

அவன் மேல் கோபம் வரவில்லை. 2021-ல் இதையே வேறு வார்த்தையில் சொன்னவன் நான்.

கேப்ஸ் லாக், தப்பான பாஸ்வேர்டு, பிடுங்கிக்கிடக்கும் நெட் வயர் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை அவரவரே கண்டுபிடித்துக்கொள்வார்கள். காசையும் தூக்கத்தையும் தின்கிற தவறுகள் வேறு.

முதலில் செஷன் என்றால் என்ன என்பது. மீனாட்சி கோயிலுக்குப் போனால் செல்போனை வெளியே கொடுத்துவிட்டு டோக்கன் வாங்குகிறோம் அல்லவா, அதே ஏற்பாடுதான். டோக்கன் உங்களிடம், பொருள் அவர்களிடம். லாகின் செய்ததும் சர்வர் ஒரு டோக்கன் தருகிறது; தன் பக்கத்திலும் ஒரு பதிவு வைத்துக்கொள்கிறது. டோக்கன் தொலைந்தாலும், பதிவை அவர்கள் மூடிவிட்டாலும், அதே பதிவில் வேறு ஆள் வந்து நின்றாலும் திரையில் எரர் வரும். மூன்றும் வேறு வேறு கோளாறு, மருந்தும் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் ரீஸ்டார்ட் என்று ஒரே மாத்திரையைக் கொடுப்பதில்தான் வினை தொடங்குகிறது.

ஒரே ஐடியை நாலு பேர் போடுவது

ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே விழுவார். ஆளுக்கொரு ஐடி போடுங்கள், அவ்வளவுதான்.

திறந்து கிடக்கும் செஷனை விசாரிக்காமல் வெட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் பக்கத்துக் கடைகள் பலவற்றில் ஏற்பாடு இப்படித்தான் இருக்கும்: கடையில் ஒரு சர்வர், குடோனிலிருந்தும் வீட்டிலிருந்தும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, அதாவது சர்வரின் திரையைத் தங்கள் கம்ப்யூட்டரிலேயே திறந்து, அதற்குள் வந்து வேலை பார்ப்பார்கள். விண்டோஸ் சர்வரில் தனி லைசென்ஸ் வாங்காவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம், அதுவும் நிர்வாக வேலைக்கென்று கொடுத்தது. வேலை முடிந்ததும் சைன் அவுட் செய்யாமல் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்திவிட்டு எழுந்து போவார்கள். அப்படி மூடினால் சன்னல்தான் மூடும். செஷன் சர்வருக்குள் அப்படியே கிடக்கும், திறந்து வைத்த கம்பெனியும் (மென்பொருளில் கடையின் கணக்குத் தொகுப்புக்கு அந்தப் பெயர்) திறந்தபடியே இருக்கும். மூடும்போது புரோகிராம்கள் தொடர்ந்து ஓடலாம் என்று விண்டோஸே எழுதிக் காட்டுகிறது. யார் படிக்கிறார்கள்? பழைய விண்டோஸ் சர்வராக இருந்தால் அடுத்து வருகிறவருக்கு, அனுமதித்த எண்ணிக்கை நிரம்பிவிட்டது என்று வாசலிலேயே தடை.

2021, பொங்கலுக்கு முந்தின வாரம், 10-ஆம் தேதி மாலை. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை விவர ரிட்டர்ன், கடைசி நாள். கடையில் வெல்லமும் பச்சரிசியும் பறக்கிற நேரம். "உள்ளே போக முடியலண்ணே" என்று போன் வந்தது. நான் வீட்டிலிருந்து நிர்வாகி ஐடியில் நுழைந்து, கமாண்ட் ப்ராம்ப்டில் 'க்வெரி யூசர்' அடித்துப் பார்த்தேன். சிந்தாமணி குடோன் ஐடிக்கு நேரே 'டிஸ்க்' என்றிருந்தது, அதாவது இணைப்பு துண்டிக்கப்பட்ட செஷன். சும்மா இருக்கும் நேரம் 25 நிமிடம். சரி, அந்தப் பெண் மூடாமல் வீட்டுக்குப் போய்விட்டது என்று நானே முடிவுகட்டி லாக் ஆஃப் கொடுத்துவிட்டேன். பெரிய வேலையை முடித்த திருப்தியில் டீ குடிக்கப் போனேன்.

அந்தப் பெண் வீட்டுக்குப் போகவில்லை. குடோன் பில்லிங் மென்பொருளிலிருந்து பத்து நாள் விற்பனை பில்களை இம்போர்ட் போட்டுவிட்டுக் காத்திருந்தது. ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. கேபிள் அறுந்து குடோனில் நெட் போய்விட்டது. நெட் போனதால்தான் 'டிஸ்க்'. ஆனால் இம்போர்ட் ஓடுவது சர்வரில், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அன்றைக்குத் தெரியாத விஷயம் இதுதான்: சும்மா இருக்கும் நேரம் என்று அங்கே காட்டுவது கீபோர்டையும் மவுஸையும் தொடாத நேரத்தை. உள்ளே வேலை நடக்கிறதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் பாதி இம்போர்ட்டில் கழுத்தை அறுத்துவிட்டேன்.

கம்பெனியைத் திறந்தால் டேட்டா பழுது என்றது. இங்கே இரண்டாவது தப்பு, முதல் தப்பைவிடப் பெரியது. டேட்டா ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்து வைக்காமல், அசல் மேலேயே ரிப்பேர் ஓட்டினேன். திறந்துகொண்டது. கும்பிட்டுவிட்டு மறுபடி இம்போர்ட் போடச் சொன்னேன். ஏற்கெனவே உள்ளே போயிருந்த பில்கள் இரண்டாம் முறை, புதிய எண்ணோடு உள்ளே போயின. எண் வேறாக இருந்ததால் ஜிஎஸ்டி தளத்துக்கும் அது இரட்டைப் பதிவு என்று தெரிய வழியில்லை. நல்லவேளையாக அண்ணாச்சி சரக்கு பார்த்தவர், விற்பனைத் தொகையைப் பார்த்ததும் "என்னப்பா, நான் இவ்வளவு வெல்லம் வாங்கவே இல்லையே, எப்படி வித்தேன்?" என்றார். இரவு இரண்டு மணி வரை பில் புத்தகத்தைப் பிரித்துவைத்து ஒன்றொன்றாகச் சரிபார்த்தோம். அப்படியும் இரண்டு பில் கண்ணில் தப்பிப் போய்விட்டது. விருதுநகர் பார்ட்டி போன் பண்ணி, வாங்காத சரக்குக்கு பில் காட்டுகிறதே என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அடுத்த மாத ரிட்டர்னில் திருத்தம் போட்டோம். என் கூலியை நான் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு முதலில் போன். "வெளியே வந்துட்டீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அதனால் "இம்போர்ட், பேக்கப், பிரிண்ட் ஏதாவது போட்டீங்களா?" என்று பெயர் சொல்லிக் கேட்பேன். போன் எடுக்காவிட்டாலும் வெட்டுவதில்லை. அவருடைய ஐடியிலேயே அவரை மறுபடி நுழையச் சொன்னாலோ, டாஸ்க் மேனேஜரில் யூசர்ஸ் பகுதியில் அவர் பெயர் மேல் கனெக்ட் கொடுத்து அவருடைய பாஸ்வேர்டைப் போட்டாலோ, விட்ட இடத்திலேயே அதே திரை கிடைக்கும். என்ன ஓடுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். கம்பெனியை முறையாக மூடி, பிறகு சைன் அவுட். வேறு வழியே இல்லாமல் வெட்ட நேர்ந்தால், வெட்டிய கையோடு டேட்டா ஃபோல்டருக்குக் காப்பி. ரிப்பேரை அந்தக் காப்பியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அசலைத் தொடுவேன்.

துண்டிக்கப்பட்ட செஷன்களைத் தானாக முடிக்க நேரம் வைக்கும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. ஆசைப்பட்டு பத்து நிமிடம் வைத்துவிடாதீர்கள். நான் செய்த கொலையை இனி அது தினமும் செய்யும். இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள்.

கடிகாரத்தைப் பார்க்காமல் பாஸ்வேர்டை மாற்றுவது

பழைய அசெம்பிள்டு கம்ப்யூட்டர். கரண்ட் போய் வந்தால் லாகின் பக்கமே திறக்காது, பாதுகாப்பற்ற இணைப்பு என்று மிரட்டும். திறந்தாலும் நுழைந்த மறுநொடி வெளியே தள்ளும். பாஸ்வேர்டை மூன்று தடவை மாற்றிவிட்டு என்னைக் கூப்பிடுவார்கள். வலது கீழ் மூலையில் தேதியைப் பார்த்தால் பல வருடம் பின்னால் நிற்கும். மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும், செத்துப்போயிருக்கும். தளத்தின் சான்றிதழும் செஷன் டோக்கனும் தேதியை வைத்துத்தான் செல்லுபடியாகின்றன. தேதி தப்பானால் எல்லாம் தப்பு.

செல்போனுக்கும் இது பொருந்தும். ஈ-வே பில், ஈ-இன்வாய்ஸ் தளங்களில் 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டோடு ஓடிபியும், வந்துவிட்டது. அந்தத் தளங்களை நடத்தும் அரசின் தேசியத் தகவல் மையத்தின் (என்ஐசி) ஷீல்டு செயலியில் ஓடிபி 30 நொடிக்கு ஒருமுறை மாறும். போனின் நேரத்தைக் கையால் ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் நம் ஊரில் நிறைய. அந்த ஓடிபியை அந்தத் தளம் ஏற்காது.

ஒரே பிரவுசரில் இரண்டு பார்ட்டி

ஒரு டேபில் ஒரு பார்ட்டியின் ஜிஎஸ்டி லாகின், பக்கத்து டேபில் இன்னொருவருடையது. பிரவுசருக்கு டேப் வேறானாலும் டோக்கன் பெட்டி ஒன்றுதான். இரண்டாவது லாகின் முதல் டோக்கனை அழித்துவிடும். வெளியே தள்ளினால் அதிர்ஷ்டம். தள்ளாமல் இருந்தால், எவர் பெயரில் எவர் கணக்கைச் சேமிக்கிறீர்கள் என்று ஒருமுறைக்கு இருமுறை மேலே இருக்கும் பெயரைப் பாருங்கள். பார்ட்டிக்கு ஒரு குரோம் புரொஃபைல் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஹிஸ்டரி முழுவதையும் அழிப்பது

அந்த ஒரு தளத்தின் குக்கீயை, அதாவது பிரவுசர் சேமித்து வைத்த டோக்கனை, மட்டும் அழியுங்கள். எல்லாப் பெட்டியிலும் டிக் போட்டு அழித்து, சேமித்து வைத்த மற்ற பாஸ்வேர்டெல்லாம் போன பிறகு அழுது பயனில்லை.

ஏபிஐ அனுமதி முடிந்ததைப் பாஸ்வேர்டு கோளாறு என்று நினைப்பது

மென்பொருளுக்குள்ளிருந்தே ஜிஎஸ்டி தளத்தோடு பேசுகிறவர்களுக்கு இது. ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் புரொஃபைலுக்குள் ஏபிஐ அனுமதி, அதாவது மென்பொருள் நேரடியாகத் தளத்தோடு பேச நீங்கள் தரும் அனுமதி, என்று ஒரு இடம் இருக்கிறது. அதிகபட்சம் 30 நாள்தான் தருவார்கள். முடிந்ததும் மென்பொருள் செஷன் முடிந்தது என்று சொல்லும். அனுமதியைப் புதுப்பித்து, மறுபடி ஓடிபி போட்டால் போதும். மாத ரிட்டர்ன் போடுகிறவருக்கு இது ஏறக்குறைய மாதா மாதம் வரும், எரர் என்றே கணக்கில் எடுக்காதீர்கள்.

ஓடிபி யார் போனுக்கு வரும் என்று தெரியாமல், வரி கட்டும் ரிட்டர்னின் கடைசி நாளான 20-ஆம் தேதி உட்காருவது

முதலாளி பாண்டி கோயிலில் கிடா வெட்டில் இருப்பார். மேளச் சத்தத்தில் போன் கேட்காது.