கர்ப்ப காலத்து மர்மக் கதையை அந்த இரண்டு மணி நேர பெஞ்சில் தொடங்குங்கள்

பத்தொன்பது ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். இப்போது மர்மக் கதைகள் எழுதுகிறேன். என்னிடம் எழுதக் கற்றுக்கொள்ள வருகிற பெண்களில் பலரும் ஒரே கருவோடு வருகிறார்கள்: முழுகாமல் இருக்கும் ஒருத்தி, அவளோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு சிநேகிதி, நடுவே ஒரு ரகசியம். கரு நல்லதுதான். ஆனால் இரண்டாம் அத்தியாயத்திலேயே கத்தியும் மின்வெட்டும் மொட்டைக் கடிதமும் வந்துவிடுகின்றன. அவை எதுவும் வேண்டாம். கர்ப்பிணியின் உடம்பிலும் கையில் இருக்கும் அட்டையிலும் ஒரு நாவலுக்குப் போதுமான மர்மம் இருக்கிறது.

முதலில் இருவரையும் சந்திக்க வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான நாள் செவ்வாய்க்கிழமை. சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், அதன் பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள். தித்திப்பில் குமட்டும், எழுந்து போகவும் முடியாது. பக்கத்தில் இருப்பவள் ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டி, "மோந்து பாருங்க, வாந்தி நிக்கும்" என்கிறாள். நட்பு அங்கேதான் தொடங்கும். அந்த இரண்டு மணி நேரத்தில், கூடப் பிறந்தவளிடம்கூடச் சொல்லாததைப் பெண்கள் சொல்லிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். (அந்த பெஞ்சில் என் காதில் விழுந்த எதையும் நான் கதையாக்கியதில்லை. நீங்களும் ஆக்காதீர்கள். நம்பிச் சொன்னது நம்மோடு இருக்கட்டும். கதைக்குக் கற்பனை போதும்.)

அந்தப் பெண்ணுக்குச் சுமதி என்றும் எலுமிச்சம்பழம் கொடுத்தவளுக்குக் கலா என்றும் பெயர் வைத்துக்கொள்வோம். இனி ரகசியத்துக்கு வருவோம். என் மாணவிகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ரகசியம் என்றதும் கள்ளத் தொடர்பையோ கொலையையோ எழுதுகிறார்கள். வாயை மூடினாலும் உடம்பு மூடாத ரகசியமாகத் தேர்ந்தெடுங்கள்.

சுமதியின் ரத்தம் ஓ நெகட்டிவ். கல்லூரி நாட்களில் அவளுக்கு ஒரு கர்ப்பம், ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. வெளியே தெரியாமல் முடித்துக்கொண்டதால், அப்போது போட்டிருக்க வேண்டிய, அடுத்த குழந்தையைக் காக்கும் ஆன்டி-டி ஊசியை யாரும் போடவில்லை. நெகட்டிவ் ரத்தமுள்ள தாயின் வயிற்றில் பாசிட்டிவ் குழந்தை வளர்ந்து, அதன் ரத்தம் தாயின் ரத்தத்தில் கலந்தால், தாயின் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் செய்து வைத்துக்கொள்ளலாம். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அடுத்த குழந்தைக்குத்தான் ஆபத்து. அந்தக் குழந்தையும் பாசிட்டிவாக இருந்தால் அதன் சிவப்பணுக்களை எதிர்ப்பொருள் அழிக்கும். சுமதிக்குத் திருமணமாகிவிட்டது. அட்டையில் "முதல் கர்ப்பம்" என்று எழுதச் சொல்லியிருக்கிறாள். நெகட்டிவ் என்பதால், எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் கூம்ஸ் பரிசோதனை முடிவு வருகிறது: பாசிட்டிவ்.

இங்கே நிறுத்தி யோசியுங்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது? "சின்ன வயசில் ரத்தம் ஏத்தினாங்க" என்கிறாள் சுமதி. நல்ல பொய், ஏனென்றால் தவறான ரத்தம் ஏற்றினாலும் எதிர்ப்பொருள் உண்டாகும். அது பொய் என்று பெஞ்சில் இருக்கும் கலாவுக்குத் தெரியும். அந்தக் கல்லூரிக் காதலன் கலாவின் அண்ணன். சுமதிக்கு அது தெரியாது.

இனி உங்கள் வேலை கலாவை நல்லவளாகவே எழுதுவது. அவள் மிரட்டக் கூடாது. மாதுளம்பழம் வாங்கி வருகிறாள், இரும்புச்சத்து மாத்திரையை நினைவுபடுத்துகிறாள், "டாக்டரிடம் எல்லாத்தையும் சொல்லிடுங்க, குழந்தைக்கு நல்லது" என்கிறாள். அந்த வாக்கியத்தை மூன்று இடங்களில் வையுங்கள். முதல் முறை அக்கறையாகக் கேட்க வேண்டும். இரண்டாம் முறை வாசகிக்குத் தொண்டை அடைக்க வேண்டும். மூன்றாம் முறை அன்பா வஞ்சமா என்று கடைசிவரை தீர்மானிக்க முடியாமல் போக வேண்டும். சொன்னால் குடும்பம் போகும் என்று சுமதி பயப்படுகிறாள், சொல்லாவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒருத்தி போதும், வில்லன் தேவையில்லை.

நாள் கணக்கைத் தவறவிடாதீர்கள். கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவத் தேதி. மொத்தம் 280 நாட்கள். ஆனால் கரு உண்டாவது ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான். இதை வைத்து அழகான பொய்த் தடயம் ஒன்று செய்யலாம். கணவன் துபாயிலிருந்து வந்து ஆறு வாரம் ஆகிறது, அட்டையில் எட்டு வாரம் என்றிருக்கிறது. மாமியார் விரல் விட்டு எண்ணுகிறார், வீடு கனத்துப்போகிறது. கணக்கு சரிதான், எட்டு வாரக் கர்ப்பம் என்றால் கரு உண்டாகி ஆறு வாரம்தான். சுமதி எந்தத் தவறும் செய்யாத இடத்தில் சந்தேகம் விழுகிறது, மறைத்த இடத்தை யாரும் பார்க்கவில்லை. அதைத் தெளிவுபடுத்துவதும் கலாதான் என்று எழுதிப் பாருங்கள். சுமதி அவளுக்குக் கடன்பட்டுவிடுகிறாள்.

மசக்கையைத் தடயமாகப் பயன்படுத்துங்கள். முதல் மூன்று மாதங்களில் மோப்பம் கூர்மையாகும். தாளிக்கிற வாசனை, சோப்பு, பக்கத்து வீட்டுச் சாம்பிராணி எல்லாம் குடலைப் புரட்டும். "உங்க வீட்டை நான் பார்த்ததே இல்லை" என்று சொன்ன கலாவின் தைல வாசனை சுமதியின் பீரோவுக்குள் இருக்கட்டும். இதை நான்காம் மாதத்துக்குள் எழுதிவிடுங்கள். பிறகு பலருக்கும் மசக்கை தணிந்துவிடும், வாசகிகளில் பிள்ளை பெற்றவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். இரவு மூன்று மணிக்கு அவள் ஏன் விழித்திருந்தாள் என்று காரணம் தேடவும் வேண்டாம், சிறுநீர் கழிக்க எழுந்தாள் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

வளைகாப்பு எழுதத் தெரிந்தவர்களுக்குப் பெரிய வரம். ஐந்து, ஏழு, ஒன்பது என்று குடும்பத்துக்குக் குடும்பம் மாதம் மாறும். நம் கதைக்கு ஏழாம் மாதமே நல்லது. வளையல் போட வரும் பெண்கள் ஒவ்வொருவராகக் காதருகே வந்து ஏதாவது சொல்வார்கள். அங்கே கலா என்ன சொன்னாள் என்பதை எழுதாதீர்கள். வளையல் ஒன்று உடைந்ததை மட்டும் எழுதுங்கள். அதன்பின் சுமதி தாய்வீடு போகிறாள். இடம் மாறியதால் நிம்மதி என்று வாசகி நினைக்கும்போது, வேறு ஊர், வேறு டாக்டர், மறுபடியும் அதே கேள்வி: "இதுக்கு முன்னாடி கர்ப்பம் தரிச்சிருக்கீங்களா?"

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சுமதியைப் பைத்தியமாக்கிவிடாதீர்கள். என் முதல் கதையில் நான் அதைச் செய்தேன். எல்லாம் அவளுடைய பிரமை என்று முடித்தேன். பிரசவத்துக்குப் பிறகு மனநோயில் விழுந்து மீண்ட என் தோழி ஒருத்தி அதைப் படித்துவிட்டு, "நான் சொன்னதை அப்போதும் யாரும் நம்பவில்லை, நீயும் நம்பவில்லை" என்றாள். அன்றே அந்தக் கதையைக் கிழித்தேன். அந்த நோய் உண்மையானது. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பெண்களுக்கு வருகிறது, பெரும்பாலும் குழந்தை பிறந்த முதல் இரண்டு வாரங்களில். மருந்து உண்டு, குணமாகும். அதைக் கதையின் திருப்பத்துக்காகச் செலவழிக்கக் கூடாது. உங்கள் சுமதி பயப்படுகிறாள் என்றால் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கட்டும்.

அதேபோல, ஸ்கேன் எடுப்பவர், வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும் காட்சியை எழுதாதீர்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். கதைக்குக் குற்றம்தான் தேவை என்றால், தெரிந்தே எழுதுங்கள், தற்செயல்போல எழுதாதீர்கள்.

மருத்துவத்தில் நீங்கள் தடுமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. எதிர்ப்பொருள் உண்டான பிறகு ஆன்டி-டி ஊசி போட்டுப் பயனில்லை. அது வராமல் தடுக்க 28ஆவது வாரத்திலும், பிரசவத்துக்குப் பின் 72 மணி நேரத்துக்குள்ளும் போடுவது. ஆகவே "கடைசி நிமிடத்தில் ஊசி வந்து சேர்ந்தது" என்று முடிக்க முடியாது. எதிர்ப்பொருளின் அளவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். குழந்தைக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று ஸ்கேனில் கவனிப்பார்கள். தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனைகளில் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கே ரத்தம் ஏற்றுவார்கள். இவ்வளவுக்கும் டாக்டருக்கு உண்மை தெரிய வேண்டும்.

கடைசிக் காட்சியை டாக்டரின் அறையில் வையுங்கள். டாக்டர் மாமியாரையும் அம்மாவையும் வெளியே போகச் சொல்கிறார். கலாவும் எழுந்து கதவுவரை போகிறாள். அவள் யாருடைய தங்கை என்று சுமதிக்குத் தெரிந்து இரண்டு நாள் ஆகிறது. டாக்டர் பேனாவைத் திறக்கிறார். சுமதி, "அவ இருக்கட்டும் டாக்டர்" என்கிறாள். கதவைச் சாத்துவது கலாவின் கை. அதற்கு மேல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.