கை கழுவக் கற்றுக்கொடுக்க: கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள்

காரைக்குடிப் பக்கத்துத் தொடக்கப்பள்ளிகளில் சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் புதிதாக வருபவர்களுக்கு முதலில் தோதானது, சத்துணவுக்கு முன் கை கழுவுவது. தினமும் ஒரே நேரத்தில் வரும். முடித்ததும் தட்டில் சோறு, தனிப் பரிசு தேவையில்லை. அதற்காகக் கழுவாத பிள்ளைக்குச் சாப்பாட்டை நிறுத்திவைக்கக் கூடாது.

படி 1: குழாயடியில் நீங்களே கழுவிப் பார்த்து எழுதுங்கள். திற, நனை, சோப்பை எடு, தேய், சோப்பை வை, அலசு, மூடு, துடை: மொத்தம் 8. ‘தேய்’ என்பதை உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று பிரித்தால் 10.

படி 2: உங்கள் பள்ளிக் குழாயையே செல்போனில் படமெடுத்து, லேமினேட் செய்து வரிசையாக ஒட்டுங்கள். கார்ட்டூன் குழாய் பல பிள்ளைகளுக்குக் குழாயாகவே தெரியாது. முடிந்த படியின் அட்டையைக் கழற்றி ஓலைக் கொட்டானில் நீங்கள் போடுங்கள். பிள்ளையின் கை ஈரமாக இருக்கும். தரையில் ஆத்தங்குடிக் கல் என்றால் நிற்குமிடத்தில் ஒரே நிற ரப்பர் விரிப்பு போடுங்கள். ஈரத்தில் வழுக்காது, பூ வேலைப்பாட்டிலும் கண் போகாது.

படி 3: அந்த 10 படிகளில் முதல் 9 படிகளையும் கைபிடித்து நீங்கள் செய்யவையுங்கள். துடைப்பதைப் பிள்ளையிடம் விடுங்கள். தொடர்ந்து 3 நாள் தானாகத் துடைத்தால், குழாயை மூடுவதையும் விடுங்கள். இப்படியே பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொரு நாளும் பிள்ளையின் கையாலேயே வேலை முடியும். அந்த ‘முடிச்சாச்சு’தான் மறுநாளும் அதைக் குழாயடிக்கு வரவைக்கிறது.

படி 4: பின்னால் நின்று உதவுங்கள். கைமேல் கை, அப்புறம் மணிக்கட்டு, முழங்கை, கடைசியில் படத்தைச் சுட்டினால் போதும். உதவுமுன் 5 விநாடி பொறுங்கள். பெரும்பாலும் இங்கேதான் கெடும்: “சோப்பை எடு, சோப்பை எடு” என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளை உங்கள் குரலுக்காகக் காத்து நிற்கும். கையுதவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கலாம். குரலை விலக்குவது கடினம். தொட்டாலே கையை இழுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு முழங்கையிலிருந்தே தொடங்குங்கள்.

படி 5: நோட்டில் தானே செய்தால் ‘தா’, உதவினால் ‘உ’. பிள்ளையிடம் விட்ட படியில் வாரம் முழுக்க ‘உ’ விழுந்தால் பிள்ளையைக் குறை சொல்லுமுன் பொருளைப் பாருங்கள். சோப்பு நழுவினால் வலைப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். குழாய் எட்டாவிட்டால் ஆடாத முக்காலி.

வீட்டில் அப்பத்தா வாளித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு ஊற்றிக் கழுவிவிடுவார். அந்த வாளியையும் சொம்பையும் படமெடுத்துத் தனி வரிசை செய்துகொடுங்கள். “துடைக்கிறதை மட்டும் அவனிடமே விட்டுடுங்க, அப்பத்தா” என்று ஒரு படியை மட்டும் கேளுங்கள்.